ஜன்னல் கட்டைக்குக் கீழே

எங்கள் மைதானத்தின் புதிய டிக்கட் ஜன்னல்களில் உட்காரப்போகும் உங்கள் ஆறு பேருக்கும் ஏதாவது எழுதிக் கொடுக்கும்படி கழகச் செயலாளர் பாரூக் கேட்டார். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். ஒரு பக்கம் எழுத எனக்கு ஒரு பகல் வேண்டும். அதனால் தேவையில்லாத சொல் இதில் அதிகம் இருக்காது. ஆறுதலாக, அவசரப்படாமல் வாசியுங்கள்.

டிக்கட் கிழிப்பது, மிச்சக் காசு கொடுப்பது, மூன்று பேர் ஒரே நேரத்தில் கேட்டால் யாருக்கு முதலில் கை நீட்டுவது, இதெல்லாம் இரண்டு நாளில் உங்களுக்கு வந்துவிடும். நான் எழுதுவது ஒரு பின்னேரத்தைப் பற்றி. அன்றைக்கு நான் ஒரு பிழை விட்டேன். அந்தப் பிழையைத் திருத்தியதும் நான்தான். இரண்டையும் சொல்வேன்.

என் பெயர் பிலோமினா. கொட்டாஞ்சேனையில் ஒரு தியேட்டரில் முப்பத்தொரு வருடம் பெண்கள் ஜன்னலில் இருந்தேன். அந்தக் காலத்தில் படம் பார்த்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். என் முகம் தெரியாது என்பார்கள், கை தெரியும் என்பார்கள். சின்ன அரைவட்ட ஓட்டைக்குள்ளால் கை மட்டும்தான் வெளியே வரும். ஒருநாளும் அந்தக் கை பிழையான டிக்கட் கொடுத்ததில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

அந்தத் தியேட்டரில் ஒரு வழக்கம் இருந்தது. மடிப்பிள்ளைக்கு டிக்கட் இல்லை. எந்தப் பிள்ளை மடிப்பிள்ளை என்பதற்கு ஓர் அளவும் வைத்திருந்தோம். என் ஜன்னலின் கீழ்விளிம்பில் ஒரு மரக்கட்டை அடித்திருந்தது. வெளியே நிற்கும் பிள்ளையின் தலை அந்தக் கட்டைக்கு மேலே தெரிந்தால் அரை டிக்கட். தெரியாவிட்டால் மடிப்பிள்ளை, சும்மா போகலாம். தாய்மார் பிள்ளையின் உச்சந்தலையைக் கையால் அமுக்குவார்கள். "முழங்கால மடக்குடா" என்று காதுக்குள் சொல்வது எனக்கும் கேட்கும். நான் கேட்காதவள் மாதிரி இருப்பேன். உள்ளே போனதும் பிள்ளை மடியில் ஏறிக்கொள்ளும், படத்தின் முதல் சண்டைக்கு முன்னமே தூங்கிவிடும். யாருக்கும் ஒரு நட்டமும் இல்லை.

தியேட்டரை மூடிவிட்டார்கள். இப்போது அதில் கதிரை, கட்டில் விற்கிறார்கள். நான் வீட்டோடு இருந்தேன். அப்போதுதான் கொட்டாஞ்சேனை, மட்டக்குளி, தெமட்டகொடைப் பையன்களைச் சேர்த்து இந்த உதைபந்தாட்டக் கழகத்தைத் தொடங்கினார்கள். மூன்றாம் பிரிவில் ஆட இடம் கிடைத்தது. பாரூக் என் வீட்டுக்கு வந்தார்.

"அக்கா, டிக்கட் வேல தெரிஞ்ச ஆள் நீங்கதான் ஈக்கிறீங்க."

"எனக்குப் பந்தைப் பத்தி ஒண்டும் தெரியாது தம்பி."

"பந்த அவனுகள் பாத்துக்குவானுகள். நீங்க சனத்தப் பாருங்க."

அந்தச் சொல் எனக்குப் பிடித்தது. போனேன்.

மைதானத்துக்குப் ப்ளான் போட்டவர் சுதர்சன். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் அவருடைய சின்ன அலுவலகம். ரயில் போகும்போது கதையை நிறுத்தி, அது போனபிறகு விட்ட இடத்திலிருந்து தொடங்க வேண்டும். படித்து முடித்து, தனியாகக் கையெழுத்துப் போட்ட முதல் வேலை அவருக்கு எங்கள் மைதானம்தான். பெரிய கொங்கிறீட் பெவிலியன் பிறகு வரும், முதல் சீசனுக்கு இரும்புக் குழாயும் பலகையும் போட்டு, சனம் உட்கார எட்டுப் படி போதும் என்று முடிவாகியிருந்தது. ஒரு படிக்கு நாற்பது பேர். மொத்தம் முன்னூற்றி இருபது.

எனக்குப் ப்ளான் வாசிக்கத் தெரியாது. தாளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டேன்.

"சனம் எதால வரும்? எதால போகும்?"

"ரெண்டுக்கும் ஒரு கேட்தான் அன்ரி."

"அப்ப இது கிரவுண்ட் இல்ல தம்பி, ஒரே வாய் வச்ச போத்தல்."

அவர் சிரித்தார். ஆனால் ரப்பரை எடுத்து அழித்து, இரண்டாவது கேட்டைக் கீறினார். பெண்களுக்குத் தனி ஜன்னல் வேண்டும் என்றேன். அதையும் கீறினார். நெரிசலில் நின்று டிக்கட் எடுக்க வேண்டியிருந்ததால்தான் எங்கள் பக்கத்துப் பெண்கள் பந்து பார்க்க வருவதில்லை. தனி ஜன்னல் வைத்தால் வருவார்கள் என்று கொமிட்டிக்கு அடித்துச் சொன்னேன். கடைசியாக, ஜன்னல் கட்டை எந்த உயரத்தில் என்று சுதர்சன் கேட்டார். நான் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து, நெஞ்சு உயரத்தில் கை வைத்துக் காட்டினேன். என் தியேட்டர்க் கட்டை இருந்த அதே உயரம். அவர் டேப்பைப் பிடித்து அளந்து எழுதிக்கொண்டார். ஏன் அந்த உயரம் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

முதல் ஆட்டத்தன்று காலையில் மழை. பகலுக்குப் பிறகு வெயில் ஏறியது. நான் சொன்னது சொன்னபடி நடந்தது. பெண்கள் வரிசை கேட்டைத் தாண்டி, தேத்தண்ணிக் கடையையும் தாண்டி நின்றது. முதல் ஆளாய் நின்றவள் ராணி. மட்டக்குளியில் மீன் வெட்டுகிறவள். குரல் துறைமுகம் வரைக்கும் போகும். அவளுடைய தம்பிதான் எங்கள் அணியில் கோல் அடிக்கும் பையன்.

"ஒண்டு குடுங்க அக்கா."

"பின்னால யாரு?"

"ஒருத்தரும் இல்ல அக்கா, காத்து."

கட்டைக்குக் கீழே இரண்டு காற்று கிக்கிக்கென்று சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. ஒரு டிக்கட் கொடுத்தேன். அவளுக்குப் பின்னால் வந்தவளுக்கும் அப்படித்தான். அதற்குப் பின்னால் வந்தவளுக்கும்.

இரண்டு ஜன்னலிலும் சேர்த்து முன்னூற்றி இருபது போனதும் பலகைக் கதவை இறக்கினேன். பாரூக் ஓடி வந்தார்.

"வெளிய இன்னம் முப்பது பேர் ஈக்கிறாங்க அக்கா. நெருங்கி இருந்தாக் கொள்ளும்."

"கொள்ளாது."

"மொத மெச் அக்கா. சனத்தத் திருப்பி அனுப்பினா நல்லாவா ஈக்கும்?"

"தம்பி, படிப் பலகைக்கு மொத மெச் கடைசி மெச் தெரியாது. முன்னூத்தி இருபது எண்டா முன்னூத்தி இருபது."

அவர் திரும்பிப் போனார். எனக்கு என்னைப் பற்றி மிகவும் திருப்தியாக இருந்தது. அந்தத் திருப்தியை நன்றாகக் கவனித்து வையுங்கள். வேலையில் உங்களுக்கும் அது வரும். வந்தால் உடனே எழும்பிப் போய் வெளியே என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

நான் போனது அதற்காக இல்லை. மேளச் சத்தம் கேட்டது. ட்ரம்பெட்டும் மேளமும் வைத்து பப்பரே அடித்துக்கொண்டிருந்தார்கள். முப்பத்தொரு வருடத்தில் ஒரு படத்தின் தொடக்கத்தையும் நான் பார்த்தது கிடையாது. இதையாவது பார்ப்போம் என்று போனேன்.

படியின் பின்பக்கத்தில், சேற்றில், முழங்காலில் நின்றார் சுதர்சன். வெள்ளைச் சட்டை. ஓர் இரும்புக் காலின் அடித்தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தட்டு ஈர மண்ணுக்குள் இரண்டு விரல் அளவுக்கு இறங்கியிருந்தது. மேளம் அடிக்க அடிக்க மேலே சனம் குதித்தது. குதிக்கக் குதிக்கத் தட்டு சேற்றில் மூச்சு விடுவது மாதிரி மேலும் கீழும் அசைந்தது.

"அன்ரி, எத்தினை டிக்கட் குடுத்தனீங்கள்?"

"முன்னூத்தி இருபது. ஒண்டும் கூட இல்ல."

"நான் ஒரு படிக்கு நாப்பது பேர் இருந்து பாக்கிறதுக்குத்தான் கணக்குப் போட்டனான். மேல போய் எண்ணிப் பாருங்கோ."

முன்பக்கம் போய் மூன்றாம் படியை எண்ணினேன். நாற்பது டிக்கட் இருக்க வேண்டிய படியில் அறுபத்தி மூன்று தலை. தியேட்டரில் மடியில் தூங்குகிற பிள்ளைகள், இங்கே தாயின் பக்கத்தில் பலகையில் ஏறி நின்று மேளத்துக்கு ஆடிக்கொண்டிருந்தார்கள். பந்து விளையாட்டைப் பார்க்க வந்த பிள்ளை எங்கே மடியில் இருக்கும்? என் ஜன்னலுக்குத் தெரியாத அத்தனை பேரும் அங்கே நின்றார்கள்.

சுதர்சனிடம் திரும்பி வந்தேன்.

"இப்ப விழுமா?"

"இருந்தால் விழாது. எல்லாரும் ஒண்டா எழும்பிக் குதிச்சால் என்னால சொல்லேலாது அன்ரி."

எல்லாரும் ஒன்றாய் எப்போது குதிப்பார்கள் என்று அவர் சொல்லத் தேவையில்லை. பந்தைப் பற்றி ஒன்றும் தெரியாத எனக்கே தெரியும். எங்கள் பையன்களோ எதிரணியின் கோல் பக்கத்திலேயே நின்றார்கள். மாதாவே, எங்கள் ஆள் மட்டும் இப்போது கோல் அடிக்கக் கூடாது என்று வேண்டினேன். அந்த மைதானத்தில் அப்படி வேண்டிய எங்கள் ஆள் நான் ஒருத்திதான்.

விஷயம் தெரிந்த பாரூக் மைக்கைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"படி விழப்போகுது, எல்லாரும் எறங்குங்க எண்டு சொல்றேன்."

மைக்கின் வாயை என் கையால் பொத்தினேன்.

ஏன் பொத்தினேன் என்றால், நான் வேலைக்குச் சேர்ந்த வருடத்தில் தியேட்டரில் ஒருநாள் படம் ஓடும்போது ப்ரொஜெக்டர் அறையிலிருந்து புகை வந்தது. மனேஜர் ஒரு குள்ளமான மனிதர், கோபக்காரர், ஒருநாளும் யாருக்கும் எதையும் கற்றுக்கொடுத்தவரில்லை. அன்றைக்கு அவர் ஒரு வார்த்தை பேசாமல் போய் ஐந்து கதவையும் அகலத் திறந்தார். அதற்குப் பிறகுதான் மேடையில் ஏறி, படம் அறுந்துவிட்டது, நாளைக்கு வந்தால் சும்மா பார்க்கலாம், ஜன்னலில் பாஸ் வாங்கிக்கொண்டு போங்கள் என்றார். சனம் பாஸ் வாங்க எழும்பி வெளியே வந்தது. ஓர் ஆளுக்கும் சிராய்ப்பு இல்லை. முதலில் கதவைத் திற, பிறகு வாயைத் திற. அவர் இதைச் சொல்லவில்லை. செய்தார். நான் பார்த்தேன்.

"கதவு எங்க தம்பி?" என்று பாரூக்கைக் கேட்டேன். "எறங்குங்க எண்டா எதால எறங்குவாங்க?"

படிக்கு முன்னால் மூங்கில் தடுப்பு கட்டியிருந்தது, சனம் மைதானத்துக்குள் ஓடாமல் இருக்க. இரண்டு பக்கத்திலும் ஒடுக்கமான வழி மட்டும்தான். தடுப்புக்கு அப்பால் கொஞ்சம் புல், அதற்கும் அப்பால் ஆட்டத்தின் எல்லைக் கயிறு.

"அந்த மூங்கிலக் கழட்டுங்க. சத்தம் போடாம, ஒவ்வொண்டாக் கழட்டுங்க. அதுக்கு முன்ன ஒரு ஆளை அனுப்பி மேளக்காரர அங்கால கோல் பக்கம் கூப்பிடுங்க. பையன்கள் கேக்கிறாங்க எண்டு சொல்லுங்க. மைக் வேணாம்."

மேளம் அந்தப் பக்கம் போனதும் குதிப்பு நின்றது. மூங்கில் ஒவ்வொன்றாய்க் கழன்றது. நான் முன்படிக்குப் போனேன். கீழ்ப்படி முதலில் இறங்க வேண்டும். மேலே உள்ளவர்களைக் கூப்பிட்டால் கீழே உள்ளவர்கள் மேல் வந்து விழுவார்கள். கீழ்ப்படியின் நடுவில் ராணி இருந்தாள். அவள் அசைந்தால் மற்றவர்களும் அசைவார்கள். அவள் அசையாவிட்டால் ஒருத்தியும் அசையமாட்டாள்.

"ராணி, புள்ளைகள கீழ கொண்டு வா. கயித்துக்குப் பக்கத்தில புல்லில இருந்து பாக்கலாம். பந்து கிட்டத் தெரியும்."

"போங்க அக்கா. சல்லி குடுத்துப் புடிச்ச எடம். எழும்பினா வேற ஒருத்தி இருந்திருவா."

"சல்லி ஒனக்குத்தானே குடுத்த? ஒன்ட ரெண்டு காத்துக்கும் எங்க டிக்கட்?"

பக்கத்திலிருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். ராணிக்கு முகம் சிவந்தது, பிறகு அவளும் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அவளுடைய கண்ணை நேரே பார்த்தேன். அவள் மீன்காரி. முகத்தைப் பார்த்து ஆளை எடை போடுகிறவள். என் முகத்தில் எதையோ கண்டுவிட்டாள். இரண்டு பிள்ளைகளையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு எழும்பினாள். எழும்பித் திரும்பி, துறைமுகத்துக்குக் கேட்கிற அந்தக் குரலில் சொன்னாள்.

"ஏய், சின்னப் புள்ளைகள் இருக்கிற ஆக்கள் எல்லாம் புல்லுக்கு வாங்கடி! இங்க குளிருது!"

மைக் எதற்கு?

முதல் படிச் சனம் இறங்கியது. இரண்டாம் படி இறங்கியது. மூன்றாம் படியில் ஒரு சிங்களத் தாய் கைப்பிள்ளையோடு அவசரப்பட்டுப் பலகையைத் தாண்டப் பார்த்தாள். "பொட்டக் இன்ன நங்கி" என்று அவளைப் பொறுக்கச் சொல்லி, பிள்ளையைக் கையில் வாங்கி இறக்கினேன். நாலாம் படி எழும்பும்போதுதான் மைதானம் முழுவதும் கத்தியது. எங்களுக்குக் கோர்னர் அடி கிடைத்துவிட்டது. ராணியின் தம்பி கோலுக்கு முன்னால் போய் நின்றான். உயரமான பையன், தலையால் அடிப்பதில் கெட்டிக்காரன் என்று எல்லாரும் சொல்வார்கள். மேலே நாலு படியும் எழும்பத் தொடங்கியது.

நான் பந்துக்கு முதுகைக் காட்டி, படியைப் பார்த்து, இரண்டு கையையும் தூக்கினேன். என் வாயில் வந்தது தியேட்டர்ச் சொல்.

"இருங்க! இருங்க! பின்னுக்கு மறைக்குது!"

இந்த ஊரில் அந்தச் சொல்லுக்கு உட்காராத ஆள் கிடையாது. பின்னுக்கு இருந்தவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். "மறைக்குது, இருங்கப்பா!" என்று ஐந்தாறு குரல். வெட்கப்பட்டு எல்லாரும் உட்கார்ந்தார்கள். என் முதுகுக்குப் பின்னால் பந்து எங்கேயோ போனது. "ஐயோ!" என்று மைதானம் முழுக்க ஒரு பெருமூச்சு. பூசை மணி மாதிரி இருந்தது எனக்கு.

இடைவேளைக்குள் பிள்ளைகளும் தாய்மாரும் புல்லுக்கு வந்துவிட்டார்கள். மேல் இரண்டு படியையும் காலியாக்கி, மண்ணில் இறங்கிய இரும்புக் காலுக்குக் கீழே சுதர்சன் கட்டை கொடுத்து இறுக்கினார். நடுவர் கயிற்றோரத்துப் பிள்ளைகளைப் பார்த்துச் சத்தம் போட்டார். பாரூக் அவருக்கு என்ன சொன்னாரோ, விட்டுவிட்டார். இரண்டாம் பாதியில் ராணியின் தம்பி கோல் அடித்தான். மிச்சமிருந்த சனம் எழும்பிக் குதித்தது. படி நின்றது. சுதர்சன் அதன் கீழேயே குந்தியிருந்தார், வெளியே வா என்று கூப்பிட்டும் வரவில்லை.

கதை இதோடு முடிந்தால் நான் இதை எழுதத் தேவையில்லை.

அடுத்த நாள் கொமிட்டி கூடியது. பாரூக் எனக்குப் பொன்னாடை வாங்கி வந்திருந்தார். நல்ல சரிகை. தோளில் போட்டார்கள், கை தட்டினார்கள். சனத்தைக் காப்பாற்றியவள் என்றார்கள். எனக்குக் கூச்சமாக இருக்கவில்லை. அதற்குப் பிறகு கொமிட்டியில் ஒருவர், எழுதி வைத்திருந்த ஒரு கடிதத்தை எடுத்தார். ப்ளான் பிழை, சுதர்சனை நிற்பாட்ட வேண்டும், பம்பலப்பிட்டியில் பழைய எஞ்ஜினியர் ஒருவர் இருக்கிறார், பெவிலியனை அவரிடம் கொடுப்போம் என்றார். சுதர்சன் மூலையில் இருந்தார். தலையைக் குனிந்து தன் தாள்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். எங்கே கணக்குப் பிழைத்தது என்று தேடுகிறார். பிழை அவருடைய தாள்களில் இல்லை என்பது அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். அந்தக் கடிதம் போனால் அவருடைய முதல் கையெழுத்தே கடைசிக் கையெழுத்தாகிவிடும்.

என்னை ஒருவரும் கேட்கவில்லை. பொன்னாடையோடு தேத்தண்ணி குடித்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். கொஞ்ச நேரம் அப்படியே இருந்ததும் உண்மைதான். எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள்.

"ப்ளான் சரி" என்றேன். "என்ட கட்டை பிழை."

"என்ன கட்டை அக்கா?" என்றார் பாரூக்.

சொன்னால் விளங்காது என்று எல்லாரையும் ஜன்னலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பாரூக்கை என் கதிரையில் உட்கார வைத்தேன். சுதர்சனை வெளியே நிற்க வைத்து, குந்தச் சொன்னேன்.

"தம்பி பாரூக், வெளிய யாரு நிக்கிறா?"

"ஒருத்தரும் இல்லையே அக்கா."

கட்டைக்குக் கீழேயிருந்து ஒரு கை மேலே வந்தது. "நான் இருக்கிறன்" என்றார் சுதர்சன்.

கடிதத்தை வைத்திருந்தவர் அதை நாலாய் மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். அன்றைக்கே தச்சரைக் கூப்பிட்டு, ஜன்னலை முழங்கால் உயரம் வரைக்கும் அறுக்கச் சொன்னேன். அறுத்து முடியும்வரை பக்கத்திலேயே நின்றேன்.

நீங்கள் உட்காரப்போகும் கொங்கிறீட் பெவிலியனும் சுதர்சன் கீறியதுதான். உங்கள் ஜன்னல்களைப் பார்த்தால் ஏன் இவ்வளவு பதிவாய், முழங்கால் உயரத்தில் இருக்கிறது என்று யோசிப்பீர்கள். ஆள் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றாலும் பிள்ளை முகத்தைப் பார்க்க வேண்டுமென்றாலும் குனிந்து நிமிர வேண்டும், முதுகு நோகும். நோகட்டும். உயர்த்தித் தரும்படி கேட்காதீர்கள். இனி போனிலும் டிக்கட் விற்கப்போகிறார்களாம். நல்லது, ஆனால் போனுக்கும் ஒரு கட்டை இருக்கிறது. வாங்கியவனைத்தான் அது காட்டும், அவன் கையைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களைக் காட்டாது. ஆகவே கேட்டில் ஒருவர் நின்று தலையை எண்ணுங்கள். பிள்ளைகளுக்கு மஞ்சள் டிக்கட் வைத்திருக்கிறோம். விலை இல்லை. ஆனாலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் கையில் கொடுக்க வேண்டும், ஒவ்வொன்றும் படியில் ஓர் இடம். மஞ்சளும் வெள்ளையும் சேர்ந்து முடிந்தால் கதவை இறக்குங்கள், யார் வந்து கெஞ்சினாலும்.

என் பொன்னாடையை மடித்துக் கதிரையில் போட்டிருந்தேன், பலகை குளிராமல் இருக்க. அது அங்கேயே கிடக்கிறது. வேண்டியவர் பாவிக்கலாம்.

போன சீசனில் என் கடைசி ஆட்டத்தன்று ராணி வந்தாள். இரண்டு பிள்ளைகளும் அவளுக்கு முன்னால் வந்து நின்றார்கள், ஒருவரும் தலையை அமுக்கவில்லை. சின்னவள் என் கண்ணுக்கு நேரே முகத்தைக் கொண்டுவந்து கையை நீட்டினாள்.

"நான் காத்து இல்ல. எனக்கு ஒண்டு குடுங்க."

கொடுத்தேன்.